அடுக்களைக்கு வந்த எல்லை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பட்டங்கள் அதிகமாகவும் இருந்த காலத்தில், மகாகீர்த்தி என்றொரு மன்னர் இருந்தார். எந்த நாடு என்று கேட்டுவிடாதீர்கள். சொன்னால் பக்கத்து நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டின் வடக்கே, மேகத்துக்கும் மேலே, பனிமலை. அங்கே பிறந்து வரும் ஆற்றுக்கு இரண்டு நாடும் சொந்தம் கொண்டாடின. ஆறு மட்டும் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதே ஆறுதான் கீழே இறங்கி அரண்மனையின் பின்புறமாகப் போனது. மன்னருக்குப் புகை ஆகாது. ஆகையால் அடுக்களையை அக்கரையில் கட்டி, நடுவே ஒரு மரப்பாலம் போட்டிருந்தார்கள். மலையில் முறிந்து விழும் மரங்கள் வெள்ளத்தில் மிதந்து வந்து அந்தப் பாலத்தின் கால்களில் சிக்கும். அவற்றை இழுத்துப் போட்டு உலர்த்தித்தான் அரண்மனை அடுப்பு எரிந்தது.

ஒருநாள் மன்னர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“இந்த நீர் மலையிலிருந்துதானே வருகிறது? அங்கே பக்கத்து நாட்டான் கை கால் அலம்புவான் அல்லவா? அவன் அலம்பிய நீரையா நாம் அருந்துகிறோம்?”

சபையில் எல்லோரும் ‘ஐயையோ’ என்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“ஆற்றின் நட்டநடுவில் எல்லைக் கம்பம் ஒன்று நட வேண்டும். அந்தப் பக்கத்து நீர் அவனுக்கு, இந்தப் பக்கத்து நீர் எனக்கு. நடுவது யார்?”

சேனாதிபதி வச்சிரபாகு எழுந்தார். சபை விகடகவி கூத்தபிரானைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். காரணம் இல்லாமல் இல்லை. ‘சேனாதிபதியின் மீசை மட்டும் தனியாகப் போருக்குப் போய் வந்திருக்கிறது போலும், அதற்குத்தான் எத்தனை முறுக்கு!’ என்று நிறைந்த சபையில் சொன்ன வாய் அது.

“பிரபு, இதற்குக் கூத்தபிரானைவிடத் தகுந்தவர் இல்லை. கம்பத்தை யாம் செய்து தருகிறோம். தேவதாரு மரம், அடியில் கனத்த இரும்புப் பூண். பங்குனிக்குள் நடாவிட்டால் அவர் தலையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.”

மலையில் அந்த ஆற்றின் வேகத்தைக் கூத்தபிரான் கேள்விப்பட்டிருந்தார். யானையை இறக்கினால் தும்பிக்கைகூட மிஞ்சாதாம். ஆனாலும் பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

“ஆணை பிரபு. ஆணையை ஓலையில் எழுதி ஒருமுறை உரக்கப் படித்துவிட்டால் நல்லது.”

பிடி நழுவக்கூடாது என்று சேனாதிபதியே முன்னின்று எழுதுவித்தார். ஆற்றின் நட்டநடுவில் கம்பம் நட வேண்டும். கம்பம் எங்கே நிற்கிறதோ அதுவே எல்லை. நட்டபின் மன்னரே ஆனாலும் அதைத் தொடலாகாது. காவலர்கள் அதைவிட்டு அகலலாகாது. அதைத் தாண்டி ஈ காக்கை போகலாகாது. மன்னர் முத்திரை வைத்தார்.

கூத்தபிரான் உடனே கிளம்பினார் என்றா நினைக்கிறீர்கள்? இடுப்பு பிடித்துக்கொண்டது, சகுனம் சரியில்லை, மாட்டு வண்டிக்கு அச்சு முறிந்தது. இப்படியே ஐப்பசியும் கார்த்திகையும் ஓடி, மார்கழியும் தையும் ஓடின. சேனாதிபதி கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாசி பாதியில்தான் மனிதர் மலையேறினார்.

ஏறிப் பார்த்தால், வழிநெடுக அவர் நினைத்து நினைத்து நடுங்கிய ஆறு, அசையாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கரையிலிருந்து கரைவரை பனிக்கட்டி. மேலே ஒரு காக்கை நடந்துபோயிற்று. கூத்தபிரான் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கும் முன்னே ஒரு குழந்தையின் அழுகை கேட்டது.

கரையில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு எல்லைக் காவலர்களிடம் மல்லுக்கு நின்றாள். ஆடு மேய்க்கிற வெள்ளச்சி.

“என்னம்மா தகராறு?”

“தகராறு நான் பண்ணலை சாமி, உங்க ராசா பண்றாரு. கம்பம் வரப்போவுது, அந்தாண்ட போவாதேன்னு இப்பவே மறிக்கிறாங்க. என் ஆட்டுப்பட்டி கயித்துப் பாலத்துக்கு அந்தாண்ட கெடக்கு. பால் குடுக்கற ஆடு அக்கரையில, பால் குடிக்கற புள்ள இக்கரையில. இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லு?”

“மன்னருக்கு இது தெரியாதம்மா.”

“எப்பிடித் தெரியும்? ஒருவேளை சோறு கண்ணுக்கு முன்னாடி இருந்து கைக்கு வராம இருந்தா தெரியும்!”

கூத்தபிரானுக்குத் தன் தலையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது வெட்கமாக இருந்தது. ஆற்றையும், கம்பத்தின் இரும்புப் பூணையும், மலைச்சரிவு இறங்கிப் போகிற திசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பனி எப்போதம்மா உடையும்?”

“இதோ, இன்னும் கொஞ்ச நாள்ல. வெயிலு ஏறிருச்சே.”

“அதுவரை கஞ்சி கொடுத்துப் பொறுத்துக்கொள். பிறகு உன்னை மறிக்க இங்கே ஆள் இருக்கமாட்டார்கள்.”

பனியில் குழி வெட்டி, நட்டநடுவில் கம்பத்தை நிறுத்தி, சுற்றிலும் நீர் ஊற்றினார்கள். நீர் உறைந்து கம்பம் விறைப்பாக நின்றது. காவல் தலைவனுக்கு ஆணையை இன்னொரு முறை உரக்கப் படித்துக் காட்டினார் கூத்தபிரான்.

“கம்பத்தைத் தொடாதே. கம்பத்தைவிட்டு அகலாதே. மறந்தால் உன் தலை, என் தலை இரண்டும் போகும்.”

“எதுவும் மறக்காதுங்க!” என்றான் அவன்.

கூத்தபிரான் தலைநகர் திரும்பி, “நட்டாயிற்று” என்றபோது சேனாதிபதியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

பங்குனி வெயிலில் மலையில் பனி உடைந்தது. கம்பம் கிளம்பியது. அடியில் இரும்புப் பூண் இருந்ததால் சாயவில்லை. தூண்டில் தக்கை மாதிரி நிமிர்ந்து நின்றபடியே மிதந்தது. காவலர்கள் பாவம், என்ன செய்வார்கள்? தொடவும் கூடாது, விட்டு அகலவும் கூடாது. இரு கரையிலும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, கம்பத்தோடு கூடவே ஓடினார்கள். காட்டைக் கடந்து, வயலைக் கடந்து, துணி துவைக்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க ஓடினார்கள்.

ஒரு காலை வேளை, சேனாதிபதியும் கூத்தபிரானும் உடனிருக்க, மன்னர் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். இலைதான் இருந்தது, பொங்கல் வரவில்லை. எட்டிப் பார்த்தால், பாலத்தின் கால்களுக்கு நடுவே சிக்கி அவருடைய எல்லைக் கம்பம் கம்பீரமாக நின்றது. பாலத்தின் மேல், மூச்சு வாங்கியபடி காவலர்கள் ஈட்டி நீட்டி நின்றார்கள். அந்தப் பக்கம் சமையற்காரர் சங்கரய்யர் பொங்கல் உருளியும் கையுமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

“மகாராஜா, நெய் உறையறது! விடமாட்டேங்கறான்!”

“அவனை விடடா!” என்று மன்னர் கர்ஜித்தார்.

“ஈ காக்கை போகக்கூடாதுன்னு ஆணைங்க பிரபு. இவரு ஈயைவிடப் பெருசா இருக்காரு!” என்றான் காவல் தலைவன்.

“சேனாதிபதி! அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எறியும்!”

சேனாதிபதி பேந்தப் பேந்த விழித்தார். “மன்னரே ஆனாலும் தொடலாகாது என்று...”

“எவன் எழுதினான் அதை?”

சேனாதிபதி மெல்ல இரண்டடி பின்வாங்கினார். மன்னர் வாளை உருவிக்கொண்டு கூத்தபிரான் பக்கம் திரும்பினார். “ஆற்றின் நடுவில் அல்லவா நடச் சொன்னோம்!”

கூத்தபிரான் கைகூப்பினார். “ஆற்றின் நட்டநடுவில்தான் நட்டேன் பிரபு. இதோ, இப்போதும் ஆற்றின் நட்டநடுவில்தான் நிற்கிறது. எந்த ஊரில் என்று ஆணையில் இல்லையே. இங்கே சோறு அக்கரையில், பசி இக்கரையில். மலையிலும் ஒரு வீட்டில் இதே கதைதான். அங்கே பசித்தது கைக்குழந்தைக்கு. அதற்கு ஆணை படிக்கத் தெரியாது, அழத்தான் தெரியும்.”

அந்த நேரம் பார்த்து மன்னரின் வயிறு கடமுடா என்று உரக்கக் கத்தியது. மன்னர் தம் வயிற்றைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். வாளை உறையில் போட்டார்.

“ஆணை ரத்து. சேனாதிபதி, நீரே இறங்கிக் கம்பத்தைப் பிடுங்கும். அடுப்புக்கு விறகாகட்டும்.”

சேனாதிபதி கழுத்தளவு தண்ணீரில் நின்று பிடுங்கினார். மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போயிற்று.

முதல் கவளத்தை எடுத்த மன்னர், வாயில் போடாமல் நிறுத்தினார். “கூத்தபிரான், மலையில் அந்தக் குழந்தை இன்னும் பட்டினியா? உடனே ஆள் அனுப்பிக் காவலை எடுக்கச் சொல்லும்.”

“எந்தக் காவலை பிரபு? கம்பம் கிளம்பிய அன்றே குழந்தை பால் குடித்திருக்கும். எல்லையைக் காத்த அத்தனை பேரும் இதோ நம் அடுக்களை வாசலில் பொங்கலுக்கு நிற்கிறார்களே!”

கவளத்தை வாயில் போட்டுக்கொண்டே மன்னர் சிரித்த சிரிப்பில் பொங்கல் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றி, ஈரம் சொட்டச் சொட்ட நின்ற சேனாதிபதியிடம் கொடுத்து, கூத்தபிரான் கழுத்தில் போடச் சொன்னார்.