நகராத சிவப்பு நூல்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், யாரையும் நம்பாத அரசர் ஒருவர் இருந்தார். சோற்றை முதலில் நாய்க்கு வைத்துப் பார்ப்பார். நாய் வாலாட்டினால் நாயையும் சந்தேகப்படுவார்.

ஒரு கோடையில் ஏரி வெட்டச் சொன்னார். வரிசையாகப் பத்துக் குழிகள். பத்தாவதை அவரே வெள்ளி மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தி, "இதுவும் வரிசையில் ஒன்று!" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கேறினார். மற்ற ஒன்பதையும் ஒன்பது கூட்டத்தார் வெட்டினார்கள். குழியின் நடுவே ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் விடுவது மண் வேலைக்காரர்களின் வழக்கம். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்று காட்டுவதால் அதற்குச் சாட்சி மண் என்று பேர். அதன் உயரம்தான் குழியின் ஆழம்.

ஐந்தாம் நாள் அரசருக்கு அரிப்பு வந்துவிட்டது. யாரோ ஏய்க்கிறார்கள்! "எந்தக் குழி எல்லாவற்றிலும் ஆழம் குறைவோ, அதை வெட்டியவருக்கு அன்றைக்கு உணவு கிடையாது" என்று ஆணையிட்டார்.

அளக்க வந்தவன் உலகளந்தான், மந்திரி திருமேனியாரின் அக்காள் மகன். கோல் பிடிக்கக் கற்று மூன்றே நாள். மந்திரியே கோலின் அடிநுனியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, விதியும் சொல்லிக் கொடுத்தார்: "சாட்சி மண்ணோடு கோலை நிறுத்து. மண்ணின் தலை நூலுக்குக் கீழே இருந்தால் நூலை அங்கே இறக்கு. மேலே இருந்தால் தொடாதே. கடைசியில் நூல் நிற்கும் இடமே குறைந்த ஆழம்."

பத்துக் குழியும் அளந்து வந்து அவன் சொன்னான்: "குறைந்த ஆழம், ஒன்றுமில்லை."

"அப்படியானால் ஒரு கூட்டம் மண்ணையே தொடவில்லை. எது?" என்றார் அரசர். அவனுக்குத் தெரியவில்லை.

"ஒருவரை ஒருவர் மறைக்கிறார்கள், அரசே. நம் அவை விகடகவி மண்ணாங்கட்டியும் மண் வெட்டுகிற குடியில் பிறந்தவர்தானே. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார் மந்திரி.

அரசரின் கண் இடுங்கியது. கள்ளன் அகப்படும்வரை ஒருவருக்கும் கூழ் இல்லை. நாளை உச்சிக்குள் காட்டாவிட்டால் மண்ணாங்கட்டியும் மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

மறுநாள் காலை மண்ணாங்கட்டி ஏரிக்குப் போனார். கூழ்ப்பானை கவிழ்ந்து கிடந்தது. மூன்றாம் குழித் தலைவி காத்தாயி ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ யாரு பக்கம்டா? எங்களக் காட்டிக் குடுக்க வந்தியா?"

"அளக்குறவனப் பாக்க வந்தேன் அக்கா. மந்திரி அவன் கையில எதையோ திணிச்சு அனுப்பியிருக்காருன்னு சந்தேகம்."

"அவன் குழியவே பாக்கல. நூலத்தான் பாத்தான். ஆளு ஒசரத்துக்கு வெட்டிப் போட்டிருக்கோம், ஒண்ணுமில்லங்கறான்!"

மண்ணாங்கட்டி உலகளந்தானைத் திரும்ப அளக்கச் சொல்லி, கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. பையன் சொன்னதைச் சொன்னபடி செய்தான். ஆனால் ஏழு குழி தாண்டியும் நூல் நகரவில்லை.

"தம்பி, இந்த நூலு மொதல்ல எங்க இருந்துச்சு?"

"அடியிலதாங்க. மாமா கட்டுன எடத்துலயே."

"அதுக்குக் கீழ போகணும்னா பாதாளத்துலதான் போகணும்" என்று மண்ணாங்கட்டி முணுமுணுத்தார். பிறகு சிரித்தார்.

உச்சிக்குச் சற்று முன் அரசரும் அவையோரும் ஏரிக்கரைக்கு வந்தார்கள்.

"அரசே, குறைந்தவரைக் காட்டுகிறேன். அதற்கு முன் இதே கோலால், இதே விதிப்படி, அவையோரின் உயரத்தை அளக்க அனுமதி வேண்டும்" என்றார் மண்ணாங்கட்டி.

அரசர் தலையசைத்தார். உலகளந்தான் ஒவ்வொருவர் பக்கத்திலும் கோலை நிறுத்தினான். மாமாவின் தலைப்பாகை வரை பார்த்தான். நூலைத் தொடவில்லை. "குறைந்த உயரம், ஒன்றுமில்லை" என்றான்.

"கேட்டீர்களா அரசே? அவையில் ஒருவர் தரையோடு தரையாக இருக்கிறார். எவர் என்று தெரியும்வரை, தங்கள் வழக்கப்படி, எவருக்கும் சோறில்லை."

அரசர் ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். மந்திரி முன்னால் வந்தார். "அபத்தம்! ஆறடி ஆள் நிற்கிறேன். கோல் பொய் சொல்கிறது!"

"நேற்று மட்டும் உண்மை சொன்னதோ?" என்றார் மண்ணாங்கட்டி.

அரசர் கோலைப் பிடுங்கி நூலைப் பார்த்தார். பிறகு மந்திரியைப் பார்த்தார். மந்திரி தரையைப் பார்த்தார்.

"அடியிலிருந்து தொடங்கினால் எதுவும் அதைவிடக் குறையாது, அரசே. முதல் குழியின் ஆழத்தில் நூலைக் கட்டட்டும். அங்கிருந்து நடக்கட்டும்."

நடந்தான். இரண்டாம் குழியில் நூல் நாலு விரல் இறங்கியது. ஆறாம் குழியில் இன்னும் இரண்டு. பத்தாம் குழியில் நூல் சர்ரென்று கீழே வந்தது.

"குறைந்த ஆழம் ஒரு சாண்! பத்தாம் குழி!" என்று உலகளந்தான் ஊருக்கே கேட்கக் கத்தினான். பாவம், அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது.

மண்ணாங்கட்டி அரசரின் மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு காலைப் பின்னால் வைத்து. மீசை துடித்தது. அப்புறம் வயிறு குலுங்கியது. அரசர் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்குகள் பறந்தன.

"ஆணை ஆணைதான்! இன்று எனக்குச் சோறில்லை. என் மடப்பள்ளியில் உள்ளதெல்லாம் இவர்களுக்கு. மண்ணாங்கட்டி, இந்த முத்துமாலை உனக்கு."

கழற்றிக் கொடுத்தார். மண்ணாங்கட்டி வாங்கிக்கொண்டு, முத்துகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகே கழுத்தில் போட்டார். அரசர் அதற்கும் சிரித்தார்.

அன்று மாலை அவையில் கடமுடவென்று ஒரு சத்தம் கேட்டது. யார் வயிறு என்று எல்லாருக்கும் தெரியும். அரசர் மட்டும் மந்திரியைச் சந்தேகமாகப் பார்த்தார்.