சருகை எரித்த முயல்

ஓடைக்கரைச் சரிவில் பூவாயி என்ற முயல் சாமை விதைத்து, தன் மூன்று குட்டிகளை வளர்த்து வந்தது. அங்கே மேல்மண் ஒரு சாண்தான் இருக்கும். அதனால் சருகு, தழை, புழுக்கை எல்லாவற்றையும் பரப்பி மண்ணை எப்போதும் மூடியே வைத்திருக்கும். விதைக்குமுன் ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்க்கும். ஈர வாசம் வந்தால்தான் விதைக்கும்.

ஒரு கோடையில் அங்கே ஒரு மயில் வந்தது. சருகுக்கடியில் மண்புழுக்கள் நெளிவதை அது கண்டுகொண்டது. ஆனால் கனத்த சருகைக் கிளறிக் கிளறிக் கால் வலித்ததுதான் மிச்சம்.

"இதென்ன நிலமா, குப்பைமேடா!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சிரித்தது. மான்களும் அணில்களும் சேர்ந்து சிரித்தன.

"மண் காயாமல் இருக்கத்தான் அண்ணா…" என்றது பூவாயி மெல்ல.

"எரித்துப் பார்! சாம்பலில் பயிர் எப்படி எழும்புகிறதென்று தெரியும்!"

அது தப்பென்று பூவாயிக்குத் தெரியும். ஆனால் தினமும் அந்தச் சிரிப்பைக் கேட்க முடியவில்லை. பக்கத்துக் காட்டில் புகைந்துகொண்டிருந்த கட்டை ஒன்றை இழுத்து வந்து, சருகில் போட்டுவிட்டது.

தீ அடங்கியதும், சுட்ட மண்ணில் இருக்க முடியாமல் புழுக்கள் மேலே வந்து துடித்தன. "அக்கா, உனக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்?" என்றது ஒரு புழு. பூவாயி வாய் திறப்பதற்குள் மயில் அதைக் கொத்தி விழுங்கியது.

அந்த ஆண்டு சாமை என்றுமில்லாமல் செழித்தது! மறு கோடையிலும் பூவாயி எரித்தது. முகர்ந்து பார்த்தபோது மண்ணில் கரிவாடை மட்டுமே வந்தது. இருந்தும் விதைத்தது.

பத்தாம் நாள் பெருமழை. மூட ஒரு சருகு இல்லை. நீரை உள்ளே இழுக்க ஒரு புழுத்துளை இல்லை. மேல்மண் விதையோடு சிவப்பாகக் கரைந்து ஓடையில் இறங்கியது.

"நீ சொன்னதைத்தானே செய்தேன்! இனி என் குட்டிகளுக்கு என்ன கொடுப்பேன்?" என்று கதறியது பூவாயி.

"நிலம் உன்னுடையது. உனக்குத் தெரியாததா!" என்ற மயில் அக்கரைக்குப் பறந்துவிட்டது.

பசியில் கடைக்குட்டி இறந்தது. அதைப் புதைக்க அந்தச் சரிவில் மண் இல்லை. பூவாயி ஓடைக்கு நடந்து நடந்து, அடித்துப்போன மண்ணை வாயில் கவ்வி வந்து மூடியது.

தான் அறிந்த உண்மையைப் பிறர் கேலிக்கு அஞ்சிக் கைவிட்டால், கேலி செய்தவர் போய்விடுவார். இழப்பு நம்மோடு தங்கிவிடும்.