அலையில் போன மாப்பிள்ளை

தும்பைக்குடியில் யாரும் யோசிக்காமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார்கள். அந்த ஊர் கெட்டதே அதனால்தான்.

அந்த ஊர் மாதப்பனுக்குத் தலையில் வெள்ளை எட்டிப் பார்த்த பிறகுதான் பெண் அமைந்தது. ஏரிக்கு அக்கரையில் காரைமேட்டுப் பச்சையம்மா. அவளை ஒரே ஒரு தடவை பார்த்தான். அன்றிலிருந்து சோற்றில் உப்பில்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா சென்னப்பன் கறாரான ஆள். "முகூர்த்தம் தவறினா, அதே பந்தல்ல அவ மாமன் மகனுக்குக் கட்டி வெச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டார். மாமன் மகன் இப்போதே தலையை வாரிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. 

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பட்டணத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்து ஊர் மைதானத்தில் அறிவியல் பேசினார். சூரிய வெளிச்சம் என்பது ஓர் அலை, அது வெட்டவெளியைத் தாண்டிச் சக்தியைச் சுமந்துகொண்டு வருகிறது, ஏரியில் எழும் அலையும் சக்தியைச் சுமந்துகொண்டுதான் போகிறது என்றார். "ஆனா தண்ணியும் அதுல மிதக்கறதும் கூடவே போறதில்லை" என்று அவர் தொடங்கியபோது சுண்டல் வந்துவிட்டது. கூட்டம் எழுந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர் தீர்த்தகிரி சுண்டலை மென்றபடி கேட்டார். "சூரியன்ல இருந்து வெளிச்சம் இம்மாந்தூரம் வருதே, யாருடா துடுப்புப் போடறது?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப நாம மட்டும் எதுக்குத் தோள்பட்டை வலிக்கத் துடுப்புப் போடறோம்?"

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஊரிலிருந்த துடுப்புகள் எல்லாம் கல்யாணச் சமையலுக்கு விறகாகப் போயின. சாம்பார் நன்றாகவே கொதித்தது, அதைக் குறை சொல்வதற்கில்லை.

முகூர்த்த நாள் காலையில் மாதப்பனைச் சீர்த்தட்டுகளோடு பரிசலில் ஏற்றி, ஊர் மொத்தமும் சேர்ந்து ஒரு தள்ளுத் தள்ளியது. பரிசல் நடு ஏரி வரை போய் நின்றுவிட்டது. உடனே ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக இறங்கி, பலகைகளால் ஏரியை அடித்தார்கள். அலை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயிற்று.

"மாப்ள, நகருதா?" என்று தீர்த்தகிரி கத்தினார்.

"நகருதுங்க!"

"எந்தப் பக்கம்?"

"மேலங்க!"

"இப்ப?"

"கீழங்க!"

தீர்த்தகிரி பக்கத்திலிருந்த முனிரத்தினத்தைப் பார்த்தார். ஊரில் எதையும் ஆராய்ந்து சொல்கிறவர் அவர். "மேல போன அளவுக்குக் கீழயும் எறக்கி விட்டுடுது. அலை நேர்மையானதுதான். பாரந்தான் ஜாஸ்தி" என்றார் முனிரத்தினம்.

மாதப்பன் வாழைத்தாரைத் தண்ணீரில் போட்டான். அது பரிசலுக்குப் பக்கத்திலேயே அவனோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடியது. தேங்காய்களும் அப்படியே. பார்த்துப் பார்த்து அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"ஆடி ஆடிப் பின்னால வந்துடப் போறான்" என்றார் முனிரத்தினம். "அம்மிக்கல்லக் கயித்துல கட்டி எறக்கச் சொல்லுங்க."

சீராக வைத்திருந்த அம்மிக்கல்லை மாதப்பன் கட்டி இறக்கினான். அதற்குப் பிறகு பரிசல் ஒரு முழம்கூடப் பின்னால் வரவில்லை. கரையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கரையில் நாயனம் அவசரப்பட்டது. "முகூர்த்தம் முடியப் போகுது!" என்று சென்னப்பன் கூவினார். மாமன் மகன் மணையை நோக்கி நடப்பது மாதப்பனுக்கு நன்றாகத் தெரிந்தது. பாவம், மாப்பிள்ளைக் கோலத்திலேயே மாதப்பன் விக்கி விக்கி அழுதான். அழுத முகத்தோடு போட்டி போட முடியாதே என்று சீர்த்தட்டிலிருந்த கண்ணாடியை எடுத்து முகம் துடைத்தான். கண்ணாடியில் பட்ட வெயில் பாய்ந்துபோய் அக்கரைப் பந்தலில் விழுந்தது. மாமன் மகன் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"டேய், வெளிச்சமும் அலைதானேடா!" என்று தீர்த்தகிரி தண்ணீரிலேயே குதித்தார். "அது போய்ச் சேந்துடுச்சு பாரு!"

முனிரத்தினம் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "தாலியக் கண்ணாடியில கட்டுடா மாதப்பா! மூணு முடிச்சும் போடு. மிச்சத்த வெளிச்சம் சுமந்துக்கிட்டுப் போவும்."

சேதி கூவலாகவே அக்கரைக்குப் போயிற்று. இரண்டு ஊரும் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. புத்தியையும் அப்படியே கொடுத்து வாங்கியிருந்தன. சென்னப்பன் தீர விசாரித்துவிட்டு, "கழுத்துல விழுந்தா ஒத்துக்கறேன். தோள்ல விழுந்தா செல்லாது!" என்றார்.

மாதப்பன் தாலியைக் கண்ணாடியில் கட்டி, அதை அக்கரைப் பக்கம் திருப்பினான். வெளிச்சம் முதலில் பூசாரியின் கழுத்துக்குப் போயிற்று. அவர் "ஐயையோ, எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதப்பா!" என்று தாவி விலகினார். அடுத்த தடவை பச்சையம்மாவின் கழுத்தில் பளிச்சென்று விழுந்தது. கெட்டிமேளம் கொட்டியது. இரண்டு கரையிலும் அட்சதையைத் தண்ணீரில் வீசினார்கள். மாமன் மகன் முதல் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்தது பெண்ணை அனுப்பி வைக்க வேண்டும். சென்னப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கண்ணாடியை மகள் கையில் கொடுத்தார். பச்சையம்மா வெட்கத்தோடு அதைத் திருப்பினாள். வட்டமாக ஒரு வெளிச்சம் ஏரியைத் தாண்டி வந்து பரிசலில் மாதப்பனுக்குப் பக்கத்தில் இறங்கியது. இக்கரைப் பெண்கள் ஆரத்தி சுற்றி, "வலது கால எடுத்து வெச்சு வாம்மா!" என்று கூவினார்கள். மாதப்பன் உருகிப்போனான். இத்தனை வருஷத்தில் அவனுக்கென்று ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் சூரியனை மறைத்தது. பரிசலில் இருந்த வெளிச்சம் சட்டென்று போய்விட்டது.

 தீர்த்தகிரிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "வந்த கால் காயறதுக்குள்ள அப்பன் வூட்டுக்குப் போயிட்டாளேடா! என்னடா சொன்ன அந்தப் புள்ளைய?"

"சத்தியமா ஒண்ணும் சொல்லலீங்க!" என்று மாதப்பன் தேம்பினான். "கண்ணு கூசுது, கொஞ்சம் தள்ளி உக்காரும்மான்னேன்."