பேரம் பேசாத செங்கமலம்

ஒரு காலத்தில், சேவல் கூவினால்கூடக் கூலி கேட்கிறதோ என்று பதறுகிற மிராசுதார் ஒருவர் இருந்தார். சந்தையில் பேரம் பேசி அவருக்குச் சாமான் வாங்குபவள் செங்கமலம். அவருடைய வண்டிக்காரர் சுடலையின் சம்பளத்தில் பாதிதான் அவளுக்கு. ஒருநாள் மிராசுதாரிடமே கேட்டாள்.

"எனக்கும் அவர் சம்பளமே வேணுங்கய்யா."

"பொம்பளை பேரம் பேசலாமா? அடக்கமா இரு."

மறுநாள் மிராசுதார் தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க அவளோடு போனார். கடைக்காரர் விலை சொன்னார். செங்கமலம் தலைகுனிந்து, "சரிங்க" என்றாள். கடைக்காரர் மகிழ்ந்துபோய் அடுத்த சேலைக்கு இரண்டு மடங்கு சொன்னார்.

"அதுவும் சரிங்க."

மிராசுதாருக்கு வியர்த்தது. "வாயைத் திறந்து பேசேன்!"

"பொம்பளை பேரம் பேசலாமாங்க? அடக்கமா இருக்கேன்."

கடையே சிரித்தது.

"சரி, சுடலை சம்பளமே தர்றேன், பேசு."

"அது நேத்து விலைங்கய்யா. இன்னிக்கு மாசம் ஒரு மூட்டை நெல்லும் சேரும்."

தலையாட்டினார். அவள் பேசிய பேச்சில் கடைக்காரர் பாதி விலைக்கு இறங்கினார். செங்கமலம் கைவீசிப் போக, பட்டு மூட்டையைச் சுமந்துகொண்டு மிராசுதார் பின்னாலேயே நடந்தார்.