இல்லை என்ற பொத்தான்

பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. அதனால் அவர் குருவை ‘அம்மா’ என்பார், குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இருவருக்கும் இதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

குருவின் பெயர் ஆவுடையம்மை. தாமிரபரணிக் கரையில் அவருக்கு ஒரு சிறிய மடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு. அன்று பொன்னுலிங்கம் போனபோது அம்மை முற்றத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“முகம் ஏன் இப்படி இருக்கு அண்ணாச்சி? கம்ப்யூட்டர் கடிச்சிட்டா?”

“கடிச்சிருந்தா ஊசி போட்டுருப்பேன் அம்மா. இது அதுக்கும் மேல.”

பொன்னுலிங்கம் வேலை பார்ப்பது திருநெல்வேலியில் ஒரு மளிகை மொத்த வியாபாரத்தில். ஒரு பெரிய கிடங்கு, ஊர் ஊராகக் கிளைக் கடைகள். அத்தனையையும் கம்ப்யூட்டரில் இணைக்கும் பொறுப்பை முதலாளி சுடலைமணி அவரிடம் ஒப்படைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கிடங்கில் ஒரு சரக்கு தீர்ந்தால், அங்கே இருப்பவர் கைப்பேசியில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான். ஆர்டர் தானாகப் போய்விடும். சொல்லும்போது அவ்வளவு அழகாக இருந்தது. நடந்தது வேறு. கம்ப்யூட்டரில் துவரம்பருப்பு மலையாகக் குவிந்து கிடந்தது. கிடங்கில் எலிக்குக்கூட ஒரு மணி கிடைக்கவில்லை.

“தீபாவளிச் சரக்கு வாரதுக்குள்ள இது ஓடணுமாம். ஓடலைன்னா கம்ப்யூட்டரைத் தூக்கி வெளிய போட்டு, பின்னாலயே என்னையும் போட்டுருவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. இந்த வயசுல எனக்கு எவன் அம்மா வேலை குடுப்பான்?”

“எதனால ஓடலைன்னு நினைக்கீங்க?”

“மொதல்ல நெட்வொர்க்னு நினைச்சேன். மாத்தினோம். அப்புறம் மெஷின்னு நினைச்சேன். புதுசு வாங்கினோம். ஆளுங்களுக்கு விவரம் பத்தலைன்னு நினைச்சேன். வகுப்பு எடுத்தாச்சு. புரோகிராம் எழுதுத பிள்ளை பிரிசில்லா, தங்கமான பிள்ளை, ‘சார், என் பக்கம் எல்லாம் கரெக்ட்’ங்கா. அவ பக்கம் கரெக்ட். என் பக்கம் கரெக்ட். எல்லார் பக்கமும் கரெக்ட். பருப்பைத்தான் காணோம்.”

அம்மை ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார்.

“ஏன் அம்மா இது இப்படிக் கெட்டுப் போகுது?” என்றார் பொன்னுலிங்கம்.

“அடுப்படியில உப்பு இருக்கான்னு கேட்டுட்டு வாங்க.”

பொன்னுலிங்கத்துக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வருடத் துக்கத்தைக் கொட்டினால் உப்பைக் கேட்கிறாரே. ஆனாலும் குரு சொல். எழுந்து போனார்.

அடுப்படியில் பேச்சியம்மாள் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தாள். “உப்பா? நெறஞ்சிருக்குன்னு சொல்லுங்க” என்றாள்.

பொன்னுலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். ஒரு பொட்டலம் உப்பு வாங்கிக்கொண்டு வந்து அம்மை முன்னால் நின்றார்.

“இது என்னது?”

“உப்பு.”

“இருக்கான்னு கேட்டுட்டுத்தான வரச் சொன்னேன்?”

“கேட்டேன் அம்மா. நெறஞ்சிருக்குன்னாங்க.”

“நெறஞ்சிருந்தா எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க?”

பொன்னுலிங்கம் சிரித்துவிட்டார். “என்னம்மா, வேத்து நாட்டுக்காரங்க மாதிரி கேக்கீங்க! உப்பு தீந்துபோனா யாராவது ‘இல்லை’ன்னு சொல்லுவாங்களா? வாயில வருமா அந்த வார்த்தை? நெறஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே.”

“சின்னப் பிள்ளைக்குத் தெரியும்” என்றார் அம்மை. “கம்ப்யூட்டருக்கு?”

பொன்னுலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியின் கைப்பேசியில் ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு பொத்தான்கள். பச்சை நிறத்தில் ‘நிறைவு’. சிவப்பு நிறத்தில் ‘இல்லை’. அந்த இரண்டு சொற்களையும் தேர்ந்தெடுத்தது பொன்னுலிங்கம்தான். எல்லாருக்கும் புரிகிற நல்ல தமிழ் என்று பிரிசில்லாவிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தார்.

“அம்மா, நான் வாரேன்.”

“சாப்பிட்டுட்டுப் போங்க.”

அவர் வாசலைத் தாண்டிவிட்டார். அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் கத்துவது தெரு வரைக்கும் கேட்டது. “யம்மா, உப்பைக் கையோட கொண்டு போறாரே!”

மறுநாள் காலை கிடங்கு திறக்கும்போதே பொன்னுலிங்கம் போய் நின்றார். இசக்கி பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைப்பேசியை எடுத்தான்.

“இசக்கி, துவரம்பருப்பு எப்படி?”

“நெறஞ்சிருக்கு அண்ணாச்சி.” பச்சைப் பொத்தானை அமுக்கினான். பின்னால் வெறுந்தரை தெரிந்தது.

“அந்தச் சிவப்புப் பொத்தான் எதுக்குடே இருக்கு?”

இசக்கி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டான். “சூடம் காட்டுன கையால, காலங்காத்தால, ‘இல்லை’ன்னு அமுக்கச் சொல்லுதீங்களா? வெளங்குமா வியாபாரம்?”

“வகுப்புல நான் சொன்னப்ப சரி சரின்னு தலையாட்டுனியே?”

“நீங்க சொன்னீங்க, நான் சரின்னேன். பெரியவங்க சொல்லும்போது மாட்டேன்னு சொன்னா நல்லாருக்குமா?”

பொன்னுலிங்கம் அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து பிரிசில்லாவுக்குப் போன் போட்டார்.

“அப்போ இத்தனை நாளா நிறைவுன்னா காலின்னு அர்த்தமா சார்?” என்றாள் அவள்.

“சில நேரம் காலி. சில நேரம் நெஜமாவே நிறைவு.”

“அதை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?”

“சொல்லுதவன் மூஞ்சியைப் பாக்கணும்.”

“கம்ப்யூட்டர்ல அந்த வசதி வரலை சார்.”

என்ன சொல் போட்டால் கை கூசாது என்று இசக்கியிடம் கேட்டார்கள். அவன் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தான். “‘வேணும்’னு போடுங்க அண்ணாச்சி. வேணும்னு கேக்கதுல என்ன குத்தம்?” அன்று சாயங்காலத்துக்குள் சிவப்புப் பொத்தான் ‘வேணும்’ என்று மாறிவிட்டது. அந்த வாரமே பருப்பு லாரி வந்து நின்றது.

அடுத்த ஞாயிறு பொன்னுலிங்கம் உப்புப் பொட்டலத்தோடு மடத்துக்கு வந்தார். “ஊர் சுத்திட்டு வந்துட்டா?” என்று பேச்சியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள்.

“பருப்பு வந்துச்சா அண்ணாச்சி?” என்றார் அம்மை.

“வந்துச்சு. கிடங்கு ஓடுது.”

“அப்புறம் ஏன் முகம் அப்படியே இருக்கு?”

“கிடங்கு மட்டும்தான் ஓடுது. கிளைகள்ல பில் தப்புத் தப்பா வருது. ஒரு கடையில மாத்துத விலை இன்னொரு கடைக்குப் போய்ச் சேரலை. தீபாவளி பக்கத்துல வந்துட்டு.”

“முதலாளிக்குத் தெரியுமா?”

“திங்கக்கிழமைதோறும் கூட்டம் உண்டு. எல்லாரும் வந்து சொல்லுவாங்க.”

“என்னன்னு?”

“நல்லா போகுதுன்னு.”

“நீங்க?”

பொன்னுலிங்கம் தூணைப் பார்த்தார். “‘முடிஞ்ச மாதிரிதான் முதலாளி, கொஞ்சம்தான் பாக்கி’ன்னு சொல்லுவேன்.”

“எத்தனை நாளா கொஞ்சம் பாக்கி?”

“ஒன்றரை வருஷமா.”

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கக் கூடாது என்றிருந்த பொன்னுலிங்கமும் கடைசியில் சிரித்தார்.

“இசக்கிக்குப் பொத்தானை மாத்திக் குடுத்துட்டீங்க” என்றார் அம்மை. “உங்களுக்கு?”

“ஓடலைன்னு சொன்னா, அந்த நிமிஷமே என்னை வெளிய அனுப்பிருவாரு அம்மா.”

“சொல்லலைன்னா?”

“தீபாவளிக்கு அனுப்புவாரு.”

“அப்ப தேதிதான் வித்தியாசம்” என்றார் அம்மை. “இலை போட்டாச்சு, வாங்க சாப்பிட.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சொல்லி வந்தார்கள். நல்லா போகுது. பிரமாதமா போகுது. முதலாளி சுடலைமணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பொன்னுலிங்கம், உம்ம வேலை எப்படிப் போகுது?”

பழக்கமான வார்த்தை பொன்னுலிங்கத்தின் உதட்டில் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“ஓடலை முதலாளி.”

முதலாளி கண்ணைத் திறந்தார். பக்கத்தில் இருந்த பிரிசில்லா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“என்னது?”

“கிடங்கு ஓடுது. மத்தது எதுவும் ஓடலை. தீபாவளிக்குள்ள ஓடவும் ஓடாது.”

“ஒன்றரை வருஷமா கொஞ்சம்தான் பாக்கின்னீரே வே?”

“ஆமா முதலாளி.”

“அதுக்கு நான் என்ன சொன்னேன்?”

“ஒவ்வொரு தடவையும் ‘ரொம்ப சந்தோஷம்’னு சொன்னீங்க.”

“எனக்கு ஒரு நாளும் சந்தோஷமே கிடையாது வே!” என்று முதலாளி மேசையைத் தட்டினார். “வீட்டுல போய்ப் புலம்புவேன். கேட்டுப் பாரும் எங்க வீட்டுல. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சந்தோஷம்னு சொல்லுவேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி முறைத்தார். பிறகு அவர் மீசையும் லேசாக அசைந்தது.

“இப்ப என்ன செய்யணுங்கீரு?”

“ஓடாததை எல்லாம் எடுத்து வச்சிருவோம் முதலாளி. கிளைகள்ல பழையபடி கையாலயே பில் போடட்டும். தீபாவளிக்குக் கிடங்கு மட்டும் ஓடட்டும். பொறவு பக்கத்துல இருக்க ஒரே ஒரு கடையைச் சேத்துப் பாப்போம். அது ஓடினா அடுத்தது.”

“எல்லாக் கடையும் ஒரே நாள்ல ஓடணும்னு சொன்னது யாரு?”

பொன்னுலிங்கம் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

“நான்தான் சொன்னேன். அப்பவே ஆகாதுன்னு சொல்லுததுக்கு என்ன?” முதலாளி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். “சரி, செய்யும்.”

“முதலாளி, அப்ப நான்…”

“நீர் என்ன? வெளிய போறதுக்கு ஆசையா இருக்கோ? கிடங்கை யாரு பாப்பா?”

தீபாவளிக்குக் கிடங்கில் ஒரு சரக்குக்கும் தட்டுப்பாடு வரவில்லை. கார்த்திகை பிறந்ததும் பக்கத்துக் கடையையும் சேர்த்தார்கள். அது ஒரு வாரம் முரண்டு பிடித்தது, பிறகு நடக்கத் தொடங்கியது.

பொன்னுலிங்கம் ஒரு பெரிய மிக்சர் பொட்டலத்தோடு மடத்துக்குப் போனார். அன்று பௌர்ணமி. மாலையில் அம்மை ‘விழிப்பு’ என்ற தலைப்பில் பேசினார். ஒரு மணி நேரப் பேச்சு. முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கும்பிட்டார்கள். “அருமை அம்மா” என்றார்கள். “கண்ணைத் திறந்துட்டீங்க” என்றார்கள். பொன்னுலிங்கம் கடைசி ஆளாக வந்தார்.

“முகம் தெளிஞ்சிருக்கே” என்றார் அம்மை.

“தெளிஞ்சிருக்கு அம்மா. கடை ஓடுது, வேலையும் தப்பிச்சுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் பிடிபடலை.”

“சொல்லுங்க.”

“நான் முதலாளிகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். எனக்குக் கீழ இருக்கவங்க என்கிட்ட சொல்ல மாட்டேங்காங்க. கடை முரண்டு பிடிச்சப்ப ஒரு நாள் பிரிசில்லாகிட்ட எப்படிப் போகுதுன்னு கேட்டேன். ‘எல்லாம் ஓகே சார்’ன்னா. சாயங்காலம் போய்ப் பாத்தா பாதி பில் பிரிண்டே ஆகலை.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“திட்டலை அம்மா. ‘ஏன் இப்படி ஆச்சு, ஏன் முன்னாடியே சொல்லலை’ன்னு தன்மையாத்தான் கேட்டேன். பிள்ளை அழுதுட்டா. கெட்டுப் போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான சரி பண்ண முடியும்? அவங்களை எப்படி அம்மா சொல்ல வைக்கது?”

அம்மை எழுந்தார். உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு என் பேச்சு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?”

“அருமை அம்மா.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுலிங்கம் பிடரியைச் சொறிந்தார். மிக்சர் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“நடுவுல தூங்கிட்டேன் அம்மா.”

விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த பேச்சியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். விழிப்பைப் பற்றிய பேச்சில் தூங்கியதைக் குருவின் முகத்துக்கு நேரே சொன்ன ஆளை அந்த மடம் அதுவரை கண்டதில்லை.

அம்மை சுருட்டிய பாயை மறுபடி விரித்தார். பொன்னுலிங்கத்தை உட்காரச் சொல்லிக் கை காட்டி, தானும் எதிரே நெருங்கி உட்கார்ந்தார். விடுகதைக்கு விடை கேட்கிற குழந்தையைப் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

“பேச்சுல எந்த இடத்துல தூக்கம் வந்துச்சு?” என்று கேட்டார்.