பாண்டி நன்றாக இருக்கும்போது ஒச்சப்பன் எதற்கு

ஆறு வருடமாகக் கபடிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தே தேய்ந்தவன் ஒச்சப்பன். முதல் ரெய்டர் பாண்டிக்கு முட்டி பிசகினால்தான் அவனுக்கு ஆட்டம். ஆனால் தினமும் களத்தில் கோடு போடுவதும், பயிற்சியில் எல்லோரிடமும் பிடிபட்டு மண்ணைக் கவ்வுவதும் அவன்தான். அதற்கான நன்றிகூட இல்லாமல், கபடிக் குழுவின் துணைத் தலைவர் சங்கரலிங்கம் குழுக் கூட்டத்தில், தலைவர் முன்னாலேயே, மறுநாள் போட்டிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடிக்கச் செயலாளரிடம் சொன்னார்.

"பாண்டி நல்லா இருக்கையில நீ எதுக்குடா? களத்துல இறங்காமலே இந்தக் குழுவுக்கு என்ன கிழிச்சே, சொல்லு பார்ப்போம்."

ஒச்சப்பன் எழுந்து நின்றான். குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"சொல்லத் தெரியலய்யா, போயிர்றேன். ஆனா என்னை மட்டும் விரட்டாம பொது விதியா எழுதிருங்க. முன்னால இருக்கிறவர் சுகமா இருக்கையில, அவருக்கு மாத்தா இன்னொருத்தர் குழுவுக்கு வேண்டாம்னு."

"எழுதுய்யா," என்று மீசையை நீவினார் துணைத் தலைவர். செயலாளர் எழுதி, கூட்டத்துக்கு உரக்கப் படித்தார்.

ஒச்சப்பன் தலைவர் பக்கம் திரும்பினான். "ஐயா, நீங்க சுகமா இருக்கீகளா?"

"கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்ப்பா," என்றார் தலைவர்.

கூட்டம் துணைத் தலைவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார்.

"என்ன கிழிச்சேன்னு கேட்டீகளே," என்றான் ஒச்சப்பன். "கிழிச்சது நீங்கதானய்யா."