மேல மாசி வீதியிலிருந்து வடக்கு மாசி வீதிக்கு

வழி விசாரித்துப் போவதில் வேதாசலத்துக்குத் தன்மேல் அபார நம்பிக்கை. வருவாய்த் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவர். எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் நாலு பேரைக் கேட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்பார்.

"அப்ப ஜீப்புல டிரைவர் இருந்தாரு" என்பார் அம்பலவாண அடிகள்.

அடிகள் அவருடைய குரு. வயதில் ஒன்பது வருடம் இளையவர். அது இருவருக்குமே பழகிவிட்டது.

அடிகளுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். துணைக்கு வேதாசலம் வந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு பஸ் இரண்டு மணிக்குத்தான்.

வேதாசலத்தின் ஒரே மகள் பூங்கோதையும் மதுரையில்தான் இருந்தாள். தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மூன்று வருடமாக அவர் அவளோடு பேசவில்லை. அன்று அவள் பெண்குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். பூங்கோதைக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அப்பா மடியில்தான் வைப்பேன், பன்னிரண்டு மணி வரைக்கும் பார்ப்பேன், வராவிட்டால் புருஷன் பக்கத்து ஆள் யாராவது உட்காரட்டும், அதற்குப் பிறகு எதற்கும் கூப்பிட மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதைச் சொன்னது அவர் மனைவி. முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, முகவரி எழுதிய சீட்டை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"மணி என்ன?" என்றார் அடிகள், ஆஸ்பத்திரி வாசலில்.

"பத்தேகால் சாமி."

"பேத்தியைப் பாத்துட்டுப் போவமா?"

வேதாசலம் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, சாமி வருவதானால் வருகிறேன் என்றார்.

பஸ்ஸில் வந்து இறங்கி மேல மாசி வீதிக்கு நடந்தார்கள். சீட்டில் இருந்தது வடக்கு மாசி வீதி, வெல்லக்காரச் சந்து. மகளுக்கு ஒரு போன் போடலாமே என்றார் அடிகள். அதுதான் நேரிலேயே போகிறோமே என்றார் வேதாசலம். ஆட்டோ பிடிக்கலாமே என்றார் அடிகள். இதற்குப் போய் ஆட்டோவா என்றார் வேதாசலம். அடிகள் அவருடைய வலது முன்கையைப் பிடித்துக்கொண்டார்.

வானம் மூடியிருந்தது. பஸ் வளைந்து வளைந்து வந்ததில் வேதாசலத்துக்கு வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தன. அது அவருக்குத் தெரியாது.

பாத்திரக்கடையில் ஒருவர் அண்டாக்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வேதாசலத்தின் கை உயர்ந்தது. அதைப் பிடித்திருந்த அடிகளின் கையும் கூடவே உயர்ந்தது.

"வடக்கு மாசி வீதிக்கு இப்படித்தானே போகணும்?"

கடைக்காரர், தெற்கே நீண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தார். வெள்ளை வேட்டியையும், கறுப்புக் கண்ணாடி போட்ட சாமியாரையும் பார்த்தார்.

"போகலாங்கய்யா. போனா வந்துரும்."

போனார்கள். வீதி முடியும் முனையில் தள்ளுவண்டியில் ஒருவர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். மறுபடியும் கை உயர்ந்தது, பிறகு குரல் வந்தது. வெள்ளரிக்காய்க்காரர் வந்த பக்கமே காட்டப் பாதிக் கையைத் தூக்கினார். வேதாசலத்தின் கை வேறு பக்கம் நீண்டிருப்பதைக் கண்டதும் தன் கையை இறக்கிக்கொண்டார்.

"ஆமாண்ணே. அங்குட்டும் போகலாம்."

அடிகளுக்கு எல்லாம் புகைபோலத்தான் தெரிந்தது. கையைமட்டும் விடவில்லை.

அதற்கு மேல் இன்னும் மூன்று பேர். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. வீதி நீண்டுகொண்டே போனது, திரும்பியது, மறுபடியும் நீண்டது. பதினொன்றரைக்கு வேதாசலத்துக்கு வேர்த்துவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு வாயில் ஒரு உண்மை வராது என்றார். அடிகள் தண்ணீர் கேட்டார். ஒரு பூஜை சாமான் கடை வாசலில் நின்றார்கள். கடையில் இருந்த அம்மாள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

குடித்துவிட்டு அடிகள் கேட்டார். "வெல்லக்காரச் சந்து எங்கம்மா இருக்கு?"

"அந்தா, ரெண்டு பக்கமும் வாழை கட்டியிருக்குல்ல, அந்தச் சந்துதான். எங்கிருந்து வர்றீங்க?"

மேல மாசி வீதியிலிருந்து என்றார் அடிகள். எந்தப் பக்கமாக என்று கேட்டாள். தெற்கு மாசி வீதி, கீழ மாசி வீதி என்று வேதாசலம் தணிந்த குரலில் சொன்னார்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த முக்குல இங்குட்டுத் திரும்பியிருந்தா அஞ்சு நிமிசம். எங்க ஊர்த் தேரே இப்படி எதிர்ப்பக்கமா சுத்துனதில்லையே சாமி."

யாரைக் கேட்டீர்கள் என்றாள். அஞ்சு பேரைக் கேட்டோம், அஞ்சு பேரும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள் என்றார் வேதாசலம்.

"ஆமா, பொய்யில்லையே. நாலு வீதியும் ஒண்ணோடொண்ணு சேருது. எங்குட்டுக் கையைக் காட்டுனாலும் வடக்கு மாசி வீதி வரத்தானே செய்யும்?"

சந்து முனைக்கு வந்தார்கள். உள்ளே சின்ன மேளம் ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. வேதாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அவர் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மூணு வருஷம் நான் அவளோட பேசாம இருந்தது சரிதானே?"

"வேற யாரையும் கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? எங்க அண்ணனைக் கேட்டேன். சொந்தத்துல பெரியவங்களைக் கேட்டேன். கூட வேலை பாத்தவங்களைக் கேட்டேன். ஒருத்தர் விடாம, நீங்க செஞ்சது சரின்னுதான் சொன்னாங்க." சந்துக்குள் எட்டிப் பார்த்தார். "அவ அம்மாவைக் கேட்டேன். அவளும் ஆமான்னுதான் சொன்னா."

அடிகள் அவருடைய முன்கையை இன்னும் விடவில்லை. இரண்டு விரலால் அதை லேசாகத் தட்டினார்.

"அப்பல்லாம் இந்தக் கை எங்குட்டு நீண்டிருந்துச்சு?"

வேதாசலம் சந்துக்குள் நடந்தார். முதல் வீட்டு வாசலில் தெரியாத ஒருவர் நின்றிருந்தார். அவரிடம் பூங்கோதையின் வீடு எது என்று கேட்டபோது, அடிகளின் விரல்களுக்கடியில் அந்தக் கை அசையவே இல்லை.